538 கிராம் முயல் குட்டியும் ஒரு பொதி மீட்பு உணவுத் தூளும்

தாவர உண்ணிகளான சிறு விலங்குகள் நோயுற்றுத் தீவனம் எடுக்காத நாள்களில், வெதுவெதுப்பான நீரில் குழைத்து ஊட்டுவதற்கென்று விற்கப்படும் மீட்பு உணவுத் தூளை, எட்டு வார வயதுடைய ஒரு முயல் குட்டிக்கு ஒன்பது நாள்கள் தொடர்ந்து ஊட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். இவ்வகைத் தூளைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன; அரைத்த புல்லும் அதனோடு சேர்ந்த சத்துகளுமே எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆகையால் நான் வாங்கியதன் பெயரைக் குறிப்பிடாமல் பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இது வாங்கத்தக்க பொருள்தான். ஆனால் பொதியின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேலையை இது செய்யவில்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் வேலையைத்தான் செய்தது. முகப்பில் இருப்பது ‘விரைவான எடை மீட்பு’. பின்பக்கத்தில் இருப்பது ‘குடல் இயக்கத்துக்குத் துணை’. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எனக்குப் புரிய ஒன்பது நாள்கள் ஆயின.

கடுகு என்று என் மகள் பெயர் வைத்த அந்தக் குட்டி, ஆறு குட்டிகள் கொண்ட ஈற்றில் மிகச் சிறியது. உடன்பிறந்தவை 900 கிராமை நெருங்கிக்கொண்டிருந்தபோது இது 538 கிராம்தான் இருந்தது. முதுகில் விரலை ஓட்டினால் முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றும் உருத்திராட்ச மாலையை உருட்டுவதுபோல் தனித்தனியாகத் தட்டுப்பட்டன. இடுப்பெலும்புகள் இரண்டும் தோலைத் தூக்கிக்கொண்டு நிற்க, வயிறு மட்டும் பானைபோல் தொங்கியது. பின்பக்க மயிரில் கழிச்சல் ஒட்டிக் காய்ந்திருந்தது. அது கண்களைப் பாதி மூடி, முதுகைக் கூனிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, “தூங்குதுப்பா, எழுப்பாதீங்க” என்று மகள் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவ்வாறு கூனி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கும் முயல் தூங்கவில்லை, வலி பொறுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அன்று மாலை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன்.

தூளை நான் மருத்துவரிடம் போவதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தேன். முதல் தவறு அங்கேயே நிகழ இருந்தது. குட்டி எதையும் உண்ணவில்லையே என்ற பதற்றத்தில், உடனே குழைத்து ஊட்டிவிடலாம் என்று நீரைச் சூடாக்கிய நேரத்தில், காதைத் தொட்டுப் பார்த்த என் மனைவி அது சில்லென்று இருப்பதாகச் சொன்னதால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே பார்த்தபோது உடல் வெப்பம் 37.6 டிகிரி செல்சியஸ். நலமாக இருக்கும் முயலுக்கு இது ஏறக்குறைய 38.5 முதல் 40 வரை இருக்கும். உடல் குளிர்ந்துபோன முயலின் குடல் ஏறக்குறைய உறங்கிவிடுகிறது என்றும், அந்த நிலையில் உள்ளே போகும் உணவு நகராமல் அப்படியே தங்கிவிடும் என்றும், ஆகவே முதலில் சூடு, அடுத்து நீர், அதன் பிறகே உணவு என்றும் மருத்துவர் விளக்கினார். துணியில் சுற்றிய வெந்நீர்ப் பையின் மேல் படுக்க வைத்து, கழுத்துப் பின்தோலுக்கு அடியில் வெதுவெதுப்பான உப்பு நீர்க்கரைசலை ஏற்றி, வலி மருந்து கொடுத்து, வயிற்றைப் படம் எடுத்து அடைப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தூளுக்கு அனுமதி கிடைத்தது.

நான் வாங்கிய பொதியின் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதுதான். வயிறு மத்தளம்போல் இறுகி உப்பியிருந்தால் ஊட்டக்கூடாது, அடைப்பு இருப்பதாக ஐயம் எழுந்தால் ஊட்டக்கூடாது என்ற எச்சரிக்கை அதில் இல்லாமல் இல்லை. ஆனால் அது சேர்மானப் பட்டியலுக்குக் கீழே, மடிப்புக்குள் மறையும் இடத்தில் இருக்கிறது. உடல் குளிர்ந்திருந்தால் முதலில் சூடேற்ற வேண்டும் என்பது எங்குமே இல்லை. முயலால் வாந்தியெடுக்க முடியாது. தவறாக உள்ளே போனது திரும்பி வர வழியே இல்லாத ஓர் உயிருக்கு விற்கப்படும் பொருளில், ‘எப்போது ஊட்டக்கூடாது’ என்பது முகப்பில் இருக்க வேண்டிய செய்தி.

இனி தூளைப் பற்றிப் பார்க்கலாம். பொதியைப் பிரித்ததும் முதலில் வருவது காய்ந்த புல்லின் மணம். அதற்கு மேல் மெலிதாகச் சோம்பு வாசனை. வாழைப்பழ மணம் சேர்த்ததும் கிடைக்கிறது என்றாலும், பழ மணத்துக்குப் பழகிய குட்டி பிறகு புல்லை ஒதுக்குமோ என்ற என் சொந்த ஐயத்தால் சோம்பையே எடுத்தேன். அந்த ஐயத்துக்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தால் இது மாவுபோல் இருப்பதில்லை; மரத்தூளும் மாவும் கலந்ததுபோல, இடையிடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள நார்த்துண்டுகள் நெருடுகின்றன. வைட்டமின் சி சேர்த்திருப்பதாகப் பொதி பெருமையோடு அறிவிக்கிறது. முயலின் உடல் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். உணவிலிருந்து அது தேவைப்படுவது கினிப் பன்றிக்குத்தான். ஒரே தூளை இரண்டு விலங்குகளுக்கும் விற்பதால் அது உள்ளே இருக்கிறது. கேடு ஒன்றுமில்லை, ஆனால் முயல் வளர்ப்பவர் அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதும் இல்லை.

குழைக்கும் விகிதம் ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான நீர். கலந்த உடனே பார்த்தால் அது நீர்த்த கஞ்சிபோல் தெரியும். அப்போதே சிரிஞ்சில் இழுத்துவிடத் தோன்றும். ஐந்து நிமிடம் பொறுத்தால் நார் நீரை உறிஞ்சி, இட்லி மாவின் பதத்துக்கு வந்துவிடும். முதல் நாள் நான் பொறுக்கவில்லை. சிரிஞ்சுக்குள்ளேயே அது இறுகிக்கொண்டதால், அடைத்த முனையை விடுவிக்க உந்தியை வேகமாக அழுத்த, ஒரே மூச்சில் நான்கு மில்லி பீய்ச்சி மேசைமீது விழுந்தது. குட்டியின் வாய்க்குள் முனை இருந்த நேரத்தில் அது நடந்திருந்தால் கூழ் நேரே மூச்சுக்குழாயில் போயிருக்கும். அந்தச் சிறு மேசைக் கறையை நான் இன்னும் நன்றியோடுதான் பார்க்கிறேன்.

இந்த அடைப்புத் தொல்லைக்கு நான் கண்ட தீர்வு அதைவிட மோசமானது. இரண்டாம் நாள் காலை, தேநீர் வடிகட்டியை எடுத்துத் தூளைச் சலித்தேன். வடிகட்டியில் தங்கிய நாரையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, மாவாக இறங்கியதை மட்டும் குழைத்தபோது அது வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு ஒரே பெருமை. மாலையில் தொலைபேசியில் இதைச் சொன்னபோது மருத்துவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சார், நீங்க குப்பையில போட்டதுதான் மருந்து, மிச்சத்தைத்தான் ஊட்டியிருக்கீங்க” என்றார். முயலின் குடலை அசைப்பது செரிக்காத நார்தான். அது பெருங்குடலில் உருண்டையான காய்ந்த புழுக்கையாகி வெளியேறும்போதுதான் பின்னால் இருப்பது நகர்கிறது. செரிக்கத்தக்க நுண்பகுதி மட்டும் சீக்கம் எனப்படும் பெரிய பை போன்ற குடற்பகுதிக்குள் திருப்பி அனுப்பப்பட்டு, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதிக்கப்பட்டு, திராட்சைக் கொத்துபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் மென்மையான புழுக்கையாக வருகிறது. அதை முயல் பின்பக்கத்திலிருந்தே வாயால் எடுத்து விழுங்கிக்கொள்ளும். நாரை நீக்கி மாவை மட்டும் கொடுத்தால், தள்ளும் வேலை நின்று நொதிக்கும் வேலை மிஞ்சும். ஏற்கெனவே கழிச்சலில் இருக்கும் குட்டிக்கு அது நல்லதன்று.

உண்மையான தீர்வு எளிதானது. பொதியோடு இலவசமாக வந்த மெல்லிய முனையுள்ள சிரிஞ்சு இந்தத் தூளுக்குப் பொருந்தாது. இதை வடிவமைத்தவர் ஒருமுறையாவது இதே தூளைக் குழைத்து இதே சிரிஞ்சில் இழுத்துப் பார்த்திருப்பாரா என்பது ஐயமே. நீண்டு அகன்ற முனையுள்ள சிரிஞ்சைத் தனியாக வாங்க வேண்டும். சிலர் மெல்லிய முனையை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய விளிம்பு ஈறைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும் என்பதால் உப்புத்தாளால் தேய்த்து மழுக்காமல் பயன்படுத்தக்கூடாது. மிக மென்மையாக அரைத்த தூள் வகையும் விற்கிறது. அது மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி ஊட்டும்போது தேவைப்படுவது. வீட்டில் வாய்வழி ஊட்டுபவர் நாருள்ள வகையையே எடுப்பது நல்லது.

அளவு குறித்தும் பொதியின் அறிவுரை குட்டிக்கு அப்படியே பொருந்துவதில்லை. அதில் தரப்பட்டுள்ள கணக்கு ஒரு கிலோ எடைக்கு இத்தனை கரண்டி என்பது. பெரிய முயலுக்கு அது வசதி. அரைக் கிலோக் குட்டிக்கு அதைப் பாதியாக்கி, ஐந்து வேளைக்குப் பிரித்தால், ஒரு வேளைக்குக் கரண்டியின் அடியில் ஒட்டும் அளவுதான் வருகிறது. கரண்டியில் தளர்வாக அள்ளுவதற்கும் அழுத்தி அள்ளுவதற்கும் உள்ள வேறுபாடே கால் வேளை உணவாகிவிடுகிறது. மருத்துவர் எங்களுக்குக் குழைத்த கூழின் அளவாகச் சொன்னார்: முதல் நாள் வேளைக்கு 3 அல்லது 4 மில்லி, தாங்கினால் மறுநாள் முதல் 7 மில்லி, நாளுக்கு ஐந்து வேளை. இது கடுகின் எடைக்கும் நிலைக்கும் சொல்லப்பட்டது. வேறு குட்டிக்கு வேறு கணக்கு இருக்கும் என்பதால் இதை யாரும் எடுத்தாளக்கூடாது.

ஒரு வேளை ஊட்டுவது எப்படி நடக்கும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பொருளை வாங்குபவர் உண்மையில் வாங்குவது இந்த இருபது நிமிட வேலையைத்தான். வழுக்காத விரிப்பு போட்ட மேசைமேல் குட்டியை இயல்பாக நான்கு காலில் உட்கார வைத்து, முன்கால்கள் உள்ளே அடங்கும்படி பழைய துண்டால் சுற்றுவேன். முயலை மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டவே கூடாது; தலையை அண்ணாத்தியும் ஊட்டக்கூடாது. முன்வெட்டுப் பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடைவெளி ஒன்று முயலுக்கு உண்டு. அந்த இடத்தில், கன்னத்தின் பக்கவாட்டிலிருந்து சிரிஞ்சு முனையை நுழைத்து, நாக்கின் மேல் அரை மில்லிக்கு மிகாமல் விட வேண்டும். விட்டதும் நிறுத்த வேண்டும். கீழ்த்தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கும். மூக்கு நுனி துடிக்கும். தொண்டையில் ஒரு சிறு அலை இறங்கும். அந்த அலையைக் கண்ட பிறகே அடுத்த அரை மில்லி. தாடை அசையாமல் கூழ் உதட்டோரம் வழிந்தால் குட்டி விழுங்கவில்லை என்று பொருள். முயல் மூக்கால் மட்டுமே இயல்பாக மூச்சு விடும் விலங்கு. ஆகவே மூக்குத் துளையில் ஒரு துளி ஈரமாகக் கூழ் தெரிந்தாலும் அந்த வேளை அத்தோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

சோம்பு மணம் இங்கேதான் தன் பங்கைச் செய்தது. முதல் மூன்று நாள்கள் கடுகு சிரிஞ்சை வெறுத்தது. நான்காம் நாள் முனையை மோந்து பார்த்துத் தானாகவே நக்கியது. அதன் பிறகு ஒரு சிறு மூடியில் கூழை வைத்தாலே பாதியை நக்கி முடித்துவிடும். மீதியை மட்டும் சிரிஞ்சில் கொடுப்போம். சுவையில் இந்தத் தூளுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் ஊட்டி முடித்தவுடன் தாடையையும் மார்பையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தத் தவறினால், காய்ந்த கூழ் சிமெண்டுபோல் மயிரில் இறுகிக்கொள்ளும். இரண்டு வேளை அலட்சியமாக இருந்ததில் தாடைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மயிர் உதிர்ந்து தோல் சிவந்துவிட்டது.

எடையைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது. அதற்குத் தூளைவிட எனக்கு உதவிய பொருள் சமையலறையில் ஏற்கெனவே இருந்த டிஜிட்டல் தராசு. ஐந்து கிலோ வரை ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சாதாரணத் தராசு அது. தட்டின் மேல் ஓர் ஆழமான கிண்ணத்தை வைத்து, அதன் எடையைக் கழித்துப் பூச்சியமாக்கி, நாள்தோறும் காலை முதல் ஊட்டலுக்கு முன்பு கடுகை அதில் உட்கார வைத்து மகள் குறித்துக்கொண்டாள். 538, 526, 524, 531. முதல் மூன்று நாளும் எடை குறைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘விரைவான எடை மீட்பு’ என்ற முகப்பெழுத்தை நம்பியிருந்தால் மூன்றாம் நாளே இந்தத் தூள் பயனற்றது என்று தூக்கி எறிந்திருப்பேன். மருத்துவரோ 524-ஐக் கேட்டு, “ரெண்டு கிராம்தானே குறைஞ்சிருக்கு, நின்னிடுச்சு” என்று மகிழ்ந்தார். ஆறாம் நாள் 549. ஒன்பதாம் நாள் 588.

இந்த ஏற்றத்தைத் தூளின் கணக்கில் எழுத முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. புழுக்கைப் பரிசோதனையில் காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி மிகுதியாக இருப்பது தெரிந்தது. கோழி வளர்ப்பவர்கள் இரத்தக் கழிச்சல் என்று சொல்வார்களே, அதே இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணியின் முயல் வகை. தாய்ப்பாலை மறந்து தீவனத்துக்கு மாறும் வாரங்களில் குட்டிகளை அது அடிக்கடி பிடிக்கிறது. பால் குடிக்கும்வரை இரைப்பையில் இருந்த பாதுகாப்பு விலகி, பெரிய முயலின் வயிற்றுக்குரிய கடும் அமிலத்தன்மை இன்னும் முழுதாக அமையாத இடைக்காலம் அது. அந்த ஒட்டுண்ணி குடற்சுவரை அரித்துக்கொண்டிருக்கும்வரை உள்ளே எதைக் கொட்டினாலும் உடம்பில் ஒட்டாது. ஒட்டுண்ணிக்கான மருந்து வேலை செய்யத் தொடங்கிய நான்காம் நாளில்தான் தராசு திரும்பியது. அதுவரை குடல் நின்றுவிடாமலும், பட்டினியில் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்காமலும் குட்டியைத் தாங்கிப் பிடித்தது தூள். அது அக்கரையில் கொண்டுபோய் விடும் பரிசல். அக்கரையில் விளைச்சல் இருந்தால்தான் பிழைப்பு.

அக்கரையில் இருந்தது உலர்புல். வளரும் குட்டிகளுக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்த உலர்ந்த குதிரைமசாலும், அதனோடு சாதாரண உலர்புல்லும் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். பெரிய முயலுக்குக் குதிரைமசால் அன்றாட உணவாகக் கூடாது. ஏறக்குறைய ஆறு மாதத்துக்குப் பிறகு அதைக் குறைத்துவிட வேண்டும். வைக்கோலை உலர்புல் என்று நினைத்துப் போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கதிர் அறுத்த பிறகு மிஞ்சும் தாளில் சத்து ஒன்றும் பெரிதாக இல்லை. படுக்கைக்கு அது உதவும், வயிற்றுக்கு உதவாது. ஐந்தாம் நாள் இரவு, கூண்டின் மூலையிலிருந்து மெல்லிய கரகர ஒலி கேட்டு விளக்கைப் போட்டபோது, கடுகு ஒரு நீளமான புல்தண்டைக் கூர்முனையிலிருந்து வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தது. எழுதுகோல் சீவியில் பென்சில் போவதுபோல் அது மறைந்தது. மறுநாள் காலை உருண்டையான, காய்ந்த, மிளகைவிடச் சற்றே பெரிய புழுக்கைகள் பதினேழு கிடந்தன. மகள் எண்ணியிருந்தாள்.

இந்தத் தூளுக்கு மாற்றாக வேறு சிலவற்றையும் கேள்விப்பட்டோம். குச்சித் தீவனத்தை ஊறவைத்து மசித்துக் கொடுப்பது, தூள் கைக்கு வரும்வரை ஓர் இரவைக் கடத்த உதவும். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதன் நார் மிகப் பொடியாக அரைக்கப்பட்டது. பசும்பால் கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் பலர். முயல் தாய்ப்பால் பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்பும் புரதமும் செறிந்தது. தாய் நாளுக்கு ஓரிரு முறை, சில நிமிடங்களே பாலூட்டும். பால் மறந்த குட்டிக்குப் பசும்பால் கழிச்சலைக் கூட்டுவதற்குத்தான் பயன்படும். ரொட்டி, பிஸ்கட், பழத்துண்டு ஆகியவற்றின் மாவும் சர்க்கரையும் சீக்கத்தில் தீய நுண்ணுயிர்களைப் பெருக்கும். என் மைத்துனர், வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் மருந்தில் ஒரு துளி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் குலைந்து உயிரே போகக்கூடும். மனிதர்க்கு எளிய மருந்து என்பதால் முயலுக்கும் எளியது என்று எண்ணிவிடக் கூடாது. தூளோடு சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்று ஒரு நல்ல நுண்ணுயிர்ப் பசைக் குழாயும் வந்தது. கொடுத்த நாளுக்கும் கொடுக்காத நாளுக்கும் எந்த வேறுபாட்டையும் நான் காணவில்லை.

கூண்டைத் துப்புரவு செய்வது தூளின் மதிப்புரையில் வர வேண்டியதன்று என்றாலும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். புழுக்கையில் வெளியேறும் காக்சிடியா முட்டைகள் வெளியே ஓரிரு நாள் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். ஆகையால் அன்றன்றைய புழுக்கையை அன்றன்றே அள்ளி, தட்டைக் கொதிநீரால் கழுவுவது மருந்துக்குச் சமம். வழக்கமான கிருமிநாசினிகள் அவற்றை ஒன்றும் செய்வதில்லை.

பொதியின் தரத்தில் இன்னும் இரண்டு குறைகள். மேலே உள்ள அழுத்து மூடி நான்கு நாளில் தூள் அடைத்துக்கொண்டு ஒட்ட மறுத்தது; பிறகு கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைத்தோம். இதில் கொழுப்பும் இருப்பதால் காற்றும் வெப்பமும் பட்டால் சிக்கு வாடை வந்துவிடும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். குழைத்ததைக் குளிர்பெட்டியில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. நாங்கள் அவ்வளவுகூட வைக்காமல் வேளைக்கு வேளை புதிதாகவே குழைத்தோம். அடுத்து, விற்றவர் அனுப்பிய பொதியில் காலாவதியாக இரண்டு மாதங்களே எஞ்சியிருந்தன. கேட்டதற்கு, நோயாளிக்குத்தானே, அதற்குள் தீர்ந்துவிடும் என்று விடை வந்தது. தீரவில்லை. ஒன்பது நாளில் நாங்கள் பயன்படுத்தியது பொதியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய பொதி கிராம் கணக்கில் மலிவுதான். ஒரேயொரு குட்டி வைத்திருப்பவருக்கு அந்த மலிவு குப்பைக்குத்தான் போகும். எல்லாவற்றிலும் சிறிய பொதியையே வாங்கி, பிரித்த நாளை அதன் மேல் எழுதி வையுங்கள்.

தூளை நிறுத்தும் நாளை நாங்கள் முடிவு செய்யவில்லை. ஒன்பதாம் நாள் மாலை சிரிஞ்சை நீட்டியபோது, கடுகு அதன் முனையை வெட்டுப் பற்களால் கவ்வி, என் கையிலிருந்து பிடுங்கி, மேசைக்குக் கீழே எறிந்துவிட்டு, துண்டிலிருந்து நழுவிப் புல்லை நோக்கிப் போய்விட்டது. மருத்துவரைக் கேட்டு, மேலும் இரண்டு நாள் மூடியில் மட்டும் சிறிதளவு வைத்து, பிறகு அதையும் எடுத்துவிட்டோம். 21ஆம் நாள் 864 கிராம். இப்போது கிண்ணத்தில் உட்கார மறுத்து வெளியே குதிப்பதால், தராசின் மேல் செருப்புப் பெட்டியை வைத்து நிறுக்கிறோம்.

ஐந்தில் நான்கு விண்மீன் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது முகப்பெழுத்துக்காக. சிரிஞ்சுக்காக இன்னும் பாதி குறைக்க மனம் வந்தது, ஆனால் அதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்பதால் விட்டுவிட்டேன்.